பூட்டக்கா பூட்டாமல் விட்டது

மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிற அந்தத் தொழிற்சாலையில் அவளைப் பூட்டக்கா என்று சொன்னால்தான் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் உறங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரியிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் எல்லாருக்கும் அவள் பூட்டக்காதான். முதலில் முறைத்தாள், பிறகு காதில் விழாததுபோல் நடந்தாள், கடைசியில் போனை எடுத்தாலே “பூட்டு பேசறேன்” என்று தானே சொல்லிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. நீளமான கூடம், வரிசையாகத் தேய்ப்பு இயந்திரங்கள், தரையெங்கும் பால் தெளித்ததுபோல் வில்லைத் தூள் கலந்த தண்ணீர். ஒவ்வொரு இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் சின்னக் கணினி ஒன்று உண்டு. கண் டாக்டர் எழுதித் தரும் எண்ணை வாங்கிக்கொண்டு, வில்லையில் எந்த இடத்தில் எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்வது அந்தக் கணினிதான். அவற்றையெல்லாம் கட்டி மேய்ப்பது அவள் வேலை.

அவள் சேர்ந்த புதிதில் நல்ல பிள்ளையாக எல்லாக் கணினிகளையும் புதுப்பித்தாள். லினக்ஸ் ஒரே கட்டியாக இருக்கும் சமாச்சாரம் இல்லை. பேக்கேஜ் என்று சொல்லுவார்கள். அப்படிப்பட்ட சின்னச் சின்ன மென்பொருள்கள் நூற்றுக்கணக்கில், ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நிற்கிற கூட்டம் அது. புதுப்பி என்று ஒரு வரி தட்டினால் கூட்டத்தில் பாதி ஆள் மாறிவிடும். அன்றைக்கு மாறியதில் ஏதோ ஒன்று, சாய்வுக் கோணத்தைக் கணக்கிடும் விதத்தில் தன் இஷ்டத்துக்குப் புகுந்து விளையாடிவிட்டது. ஒரு வாரத்து வில்லைகள் அத்தனையும் கோணல். அதை மாட்டிக்கொண்டு படியிறங்கியவர்கள் தடுமாறினார்கள். ஒரு பெரியவர் மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். வேலை போகவில்லை. ஆனால் அந்த இடுப்பை அவளால் மறக்க முடியவில்லை.

அதிலிருந்து அவள் எதையும் நம்புவதில்லை. ஒழுங்காக ஓடுகிற பேக்கேஜ் ஒவ்வொன்றுக்கும், யார் வந்து சொன்னாலும் நீ மாறக்கூடாது என்று ஒரு கட்டளை போட்டுவிடுவாள். தொழிலில் அதற்கு ஹோல்டு என்று பெயர். அவள் வாயில் அது பூட்டு. ‘அதைப் பூட்டியாச்சா, இதைப் பூட்டியாச்சா’ என்று கேட்டுக்கேட்டுத்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தம்மாவை விட்டால் சுவர்க் கடிகாரத்தையும் பூட்டி நேற்றிலேயே நிறுத்திவிடும் என்று மேஸ்திரி சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். அதற்குப் பிறகு அங்கே ஒரு வில்லைகூடக் கோணலாக வந்ததில்லை.

இவ்வளவு அழுத்தக்காரிக்கு வாய்த்த புருஷன் சரியான வாயாடி. சரக்கு லிஃப்ட் பழுது பார்க்க வந்தவர். லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டு, மேலே யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கம்பி, கப்பி, அரசியல், பல்வலி என்று பேசிக்கொண்டே இருந்தார். மேலே நின்றது இவள். விளக்குப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். வேலை முடிந்து மேலே ஏறி வந்தவர், “இவ்வளவு நல்லா பேசற ஆள நான் பார்த்ததே இல்ல” என்று அவளிடமே சொன்னார். அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் என்ன, லிஃப்ட்காரர் என்ற பெயரோடு வீட்டுக்கே வந்து சேர்ந்தார். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். இவர் பிழைத்ததே வாயால்தான்.

நோய் விரலில் தொடங்கியது. ஸ்பானர் கையில் நிற்காமல் நழுவியது. பிறகு படி ஏற முடியவில்லை. பிறகு நாக்கு தடித்தது, குழறியது, ஒரு நாள் நின்றே போயிற்று. நரம்பு தசைகளுக்குச் சொல்வதை நிறுத்திக்கொண்டே வருகிறது, இதற்கு மருந்து இல்லை என்று டாக்டர்கள் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். மூளைக்கு ஒன்றும் ஆகாதாம், காதுக்கும் ஒன்றும் ஆகாதாம். வாயாடி ஒருவரை வாய்க்குள்ளேயே அடைத்துவைப்பது என்றால் எவ்வளவு பெரிய கொடுமை, யோசித்துப் பாருங்கள்.

பூட்டக்கா அழுது ஓய்ந்த பிறகு தேடினாள். கேமரா வழியாக முகத்தைப் பார்த்துப் பேச வைக்கும் நிரல் ஒன்று அகப்பட்டது. திரையில் எழுத்து வரிசைகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய வரிசை வரும்போது முகத்தில் எதையாவது அசைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்த வரிசையில் ஒவ்வொரு எழுத்தாக ஒளிரும். எழுத்து சேர்ந்து சொல்லாகி, சொல் சேர்ந்து வாக்கியமானால் கணினி அதை உரக்கப் படிக்கும். லிஃப்ட்காரரிடம் மிச்சம் இருந்தது வலது கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், ஒரு சின்னத் துடிப்பு. பக்கத்தில் உட்கார்ந்து உற்றுப் பார்த்தால்கூட நம் கண்ணுக்குத் தெரியாது. அந்த நிரலுக்குத் தெரிந்தது.

ஆனால் அதை எழுதியவர்கள் சும்மா இருப்பார்களா? மேம்படுத்தியிருக்கிறோம் என்று புது வெர்ஷன் விட்டார்கள். பார்க்க அழகாக இருந்தது. அந்தச் சின்னத் துடிப்பை மட்டும் தூசி என்று தள்ளிவிட்டது. ஒரு நாள் முழுக்க லிஃப்ட்காரர் திரையைப் பார்த்துக்கொண்டு ஊமையாகக் கிடந்தார். அன்று மாலையே பூட்டக்கா பழைய வெர்ஷனைத் தேடிப்பிடித்துப் போட்டு, பிரதி எடுத்து வீட்டு அலமாரியில் பத்திரப்படுத்தி, பூட்டையும் போட்டுவிட்டாள். தொழிற்சாலைக் கணினிகளைப்போலவே அந்த நிரல் ஓடிய லேப்டாப்பையும் இணையத்தின் பக்கமே அண்ட விடவில்லை. போட்ட பூட்டு ஒரே ஒரு பூட்டு, பேசும் நிரலுக்கு. வெளியிலிருந்து எதுவும் வரவே வழியில்லாதபோது மற்றதையெல்லாம் பூட்டி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாள். நியாயமான நினைப்புத்தான். யானைக்கும் அடி சறுக்கும் இடம் அதுதான்.

இரண்டு வருடம் அந்தக் கன்னம் பேசியது. சண்டை போட்டது. குழம்பில் உப்பில்லை என்று வாசனையை வைத்தே சொன்னது. தொழிற்சாலையில் மேஸ்திரிக்கும் அவளுக்கும் தகராறு என்றால் யோசனை சொன்னது. பிறகு மூச்சு குறையத் தொடங்கியது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் முகமூடி கட்டிக் காற்றை உள்ளே தள்ளினார்கள். அதுவும் போதவில்லை. நுரையீரல் டாக்டர் அம்மா பொறுமைசாலி. பூட்டக்கா, லிஃப்ட்காரர், அவருடைய தம்பி மூன்று பேரையும் வைத்துக்கொண்டு, நோயாளியின் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னார். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, இயந்திரம் மூச்சு விடும்படி செய்யலாம். செய்தால் வருடக்கணக்கில் இருக்கலாம். ஆனால் நோய் நிற்காது, உடம்பில் மிச்சம் இருப்பதும் ஒவ்வொன்றாகப் போகும். வேண்டாம் என்றால் வலியில்லாமல் பார்த்துக்கொள்கிறோம், சில நாட்கள்தான். எதுவானாலும் நாளை முற்பகலுக்குள் முடிவு வேண்டும், அதற்கு மேல் மயக்கமருந்தை உடம்பு தாங்காது.

“முடிவு உங்களுடையது சார். நீங்களே சொல்லணும்,” என்றார். முகமூடிக் காற்று பட்டு லிஃப்ட்காரரின் கண் தன்பாட்டுக்கு இமைத்துக்கொண்டே இருந்ததால், கண் ஜாடையை நம்பி இந்த மாதிரி விஷயத்தில் இறங்க முடியாது, கணினி மூலமாகவே சொல்லட்டும் என்றும் சொன்னார். போகும்போது கதவருகே பூட்டக்காவிடம், அவரால் சொல்ல முடியாமல் போனால் மனைவி என்ற முறையில் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்றார்.

லிஃப்ட்காரர் அன்று சொன்னது ஒரே சொல். “யோசிக்கறேன்.”

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் பூட்டக்கா வழியெல்லாம் கணக்குப் போட்டாள். போன வாரம் எதிர்க் கட்டிலில் தொண்டைக் குழாயோடு ஒருவர் இருந்தார். லிஃப்ட்காரர் அவரையே நெடுநேரம் பார்த்துவிட்டு “கஷ்டம்” என்றார். அத்தோடு சரி. ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிற மனிதரா அவர்? வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து குளித்தாள், படுத்தாள். தூக்கம் வரவில்லை.

காலையில் அவள் வார்டுக்குள் நுழையும்போதே கொழுந்தன் வாசலில் காத்திருந்தான். அவன் ஒரு வாடகைக் கார் ஓட்டி. அண்ணன் என்றால் உயிர். இரவு துணைக்குப் படுத்திருந்தவன் அவன்தான்.

“அண்ணி, அண்ணன் எழுந்ததுலேருந்து எதுவுமே பேசமாட்டேங்கறார். கோவமான்னு தெரியல.”

கோபமாக இருந்தால் அவர் இரண்டு மடங்கு பேசுவார். அவள் பையைக் கீழே போட்டுவிட்டு லேப்டாப்பைப் பார்த்தாள். எழுத்து வரிசைகள் மேலிருந்து கீழே ஒளிர்ந்து வந்தன, மறுபடி மேலிருந்து கீழே வந்தன. எதுவும் நிற்கவில்லை. லிஃப்ட்காரரின் கண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. நெற்றி வேர்த்திருந்தது. அவர் எவ்வளவு நேரமாக முயன்றுகொண்டிருக்கிறார் என்று நினைத்தபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

முதலில் அவளுக்குத் தோன்றியது கன்னம் நின்றுவிட்டது என்றுதான். அவருடைய கன்னத்தின்மேல் விரலை வைத்தாள். வைத்துக்கொண்டே, “இப்போ அசைங்க,” என்றாள். விரல் நுனியில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. கன்னம் இருக்கிறது. கெட்டது இயந்திரம்.

கேமராப் படத்தைப் பெரிதாக்கினாள். பெரிதாக்கியவள் ஒரு கணம் வேலையை மறந்துவிட்டாள். படத்தில் அவர் முகம் மழமழவென்று இருந்தது. சுருக்கம் இல்லை, முகமூடி அழுத்திய தழும்பு இல்லை. லிஃப்ட் குழியிலிருந்து ஏறி வந்த அன்றைக்கு இருந்த முகம். அப்புறம்தான் உறைத்தது: கேமராவிலிருந்து வரும் படத்தை யாரோ துடைத்துக் கொடுக்கிறார்கள். துடைத்ததில் சுருக்கத்தோடு சேர்ந்து துடிப்பும் போய்விட்டது.

“ராத்திரி இதுல என்ன பண்ணீங்க, தம்பி?”

ஒன்றும் பண்ணவில்லை என்றான். பிறகு, மேட்ச் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரி வைஃபையில் மாட்டினேன், அண்ணன்தான் கேட்டார், தப்பா என்றான். ஆட்டம் முடிந்து அவர்கள் தூங்கிவிட்டார்கள். லேப்டாப் தூங்கவில்லை. இரண்டு வருடப் பசி அதற்கு. வந்திருந்த பாதுகாப்புத் திருத்தங்களையெல்லாம் தானாகவே இறக்கி, தானாகவே போட்டுக்கொண்டு, விடியற்காலையில் தன்னைத்தானே அணைத்து மறுபடி போட்டும் விட்டது.

அவள் என்னென்ன மாறியது என்று பார்த்தாள். பேசும் நிரலை அது தொடவே இல்லை. பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஆனால் அந்த நிரல் தானாகக் கேமராவைப் பார்ப்பதில்லை. கேமராவிலிருந்து படம் எடுத்துக் கொடுக்க அடியில் ஒரு பேக்கேஜ், அதற்குத் துணையாக இன்னும் இரண்டு. மூன்றும் புதுசாகியிருந்தன. படத்தில் புள்ளி இல்லாமல் சுத்தமாகக் கொடுக்கிறோம் என்று அதைச் செய்தவர்கள் பெருமையாக எழுதிவேறு வைத்திருந்தார்கள்.

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. தெருவெல்லாம் பூட்டு பூட்டு என்று பெயர் வாங்கியவள், சொந்தப் புருஷன் பேச்சுக்கு மேல்கதவை மட்டும் பூட்டிவிட்டு அஸ்திவாரத்தைத் திறந்துபோட்டிருக்கிறாள். கொழுந்தனைத் திட்ட வாய் வந்தது. மேட்ச் பார்க்க வைத்தது ஒரு குற்றமா? அவள் தன்னையே திட்டிக்கொண்டாள், சத்தமில்லாமல், கெட்ட வார்த்தையில்.

படம் எடுக்கும் பேக்கேஜைப் பழைய வெர்ஷனுக்கு இறக்கு என்று ஒரு வரி தட்டினாள். கணினி ஒரு நொடி யோசித்துவிட்டு, சரி, ஆனால் அப்படிச் செய்தால் இன்னின்னதை நீக்க வேண்டியிருக்கும், செய்யட்டுமா என்று கேட்டது. இந்த மாதிரி கேள்விக்கு ஆம் என்று அடித்து அடித்துப் பழகிய விரல், ஆம் என்ற எழுத்தின் மேலே போய்விட்டது. தொட்டுக்கூட விட்டது. அழுத்துவதற்கு முன்னால் கண் பட்டியலில் போய் விழுந்தது. நீக்கப்போவதில் முதல் பெயர் பேசும் நிரல்.

அவள் கையை நெருப்பைத் தொட்டதுபோல் இழுத்துக்கொண்டாள். அது போயிருந்தால் அதன் பிரதி இருப்பது நகரத்தின் அந்தக் கோடியில், வீட்டு அலமாரியில். காலை நெரிசலில் போய் எடுத்துக்கொண்டு வருவதற்குள் டாக்டர் வந்து, முற்பகலும் முடிந்திருக்கும்.

வேண்டாம் என்று அடித்தாள். தண்ணீர் குடித்தாள். ஒன்றை மட்டும் இறக்கினால் மற்ற இரண்டும் முரண்டு பிடிக்கின்றன, அந்த முரண்டில்தான் பேசும் நிரல் அடிபடுகிறது. அப்படியானால் மூன்றையும் ஒரே வரியில் சேர்த்து இறக்க வேண்டும். பழைய வெர்ஷன் எண்களைத் தேடி எடுத்தாள், ஒவ்வொன்றாகத் தட்டினாள், உதட்டை அசைத்துப் படித்துச் சரிபார்த்தாள். இந்த முறை கணினி, மூன்றும் பழசாகும், எதுவும் நீங்காது, செய்யட்டுமா என்று கேட்டது.

கீபோர்டில் ஒரே ஒரு சாவியை அழுத்தினால் போதும்.

கொழுந்தன் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கணினி பாஷை அவனுக்குத் தெரியாது, அண்ணியின் தோள் இறங்கியதை வைத்துப் புரிந்துகொண்டான்.

“சரியாயிடுமா அண்ணி?”

ஆகிவிடும் என்றாள். அவன் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்தான். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“இது சரியாகலைன்னா கையெழுத்து நீங்கதானே போடணும்? அப்ப ஏன் அவசரப்படறீங்க? டாக்டர் வந்து குழாய போட்டு முடிக்கட்டும். அப்புறம் சரி பண்ணிக்கலாம். அண்ணன் கோவிச்சுக்குவாரு, திட்டுவாரு. இருந்து திட்டட்டுமே.”

அவளுக்கு அந்த எண்ணம் வரவே இல்லை என்று சொன்னால் அது பொய். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. அவளாகக் கெடுக்கவில்லை. யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. இரவு தானாக மாறிப்போன ஒரு பேக்கேஜ். எத்தனையோ இடத்தில் நடக்கிறது. அவள் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். கையெழுத்துப் போட்டால் அவர் நாளைக்கும் இருப்பார், அடுத்த வருடமும் இருப்பார். இந்த மனிதர் இல்லாத வீட்டுக்குள் சாவி போட்டுத் திறந்து நுழைவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் வேண்டும். எப்படியாவது வேண்டும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

வராந்தாவில் டாக்டரின் குரல் கேட்டது. பக்கத்து அறையில் யாருக்கோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்தது இந்த அறைதான்.

அப்போதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். கட்டிலுக்குக் குறுக்கே நிற்கும் சாப்பாட்டு மேஜையில், எப்போதும் அவர் முகத்தைப் பார்த்தபடி இருக்கும் லேப்டாப், இப்போது சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவர் கண்ணுக்குத் திரை தெரியாது. யார் திருப்பியது? அவள்தான். கொழுந்தன் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கை தன்பாட்டுக்கு அதைத் திருப்பி வைத்திருக்கிறது.

இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அந்தத் திரையை அவரிடமிருந்து அவள் திருப்பியதில்லை. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம், காது மடல் வரைக்கும் சுட்டது. அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், மேஜையை மட்டும் பார்த்துக்கொண்டு லேப்டாப்பை மறுபடி அவர் பக்கம் திருப்பினாள்.

“அவருக்குக் காது நல்லா கேக்குது, தம்பி,” என்றாள். சாவியை அழுத்தினாள்.

ஆஸ்பத்திரி வைஃபை ஆமைபோல் ஊர்ந்தது. மூன்று பேக்கேஜில் முதலாவது பாதி இறங்கியிருந்தபோது டாக்டர் உள்ளே வந்தார். பின்னாலேயே நர்ஸ், கையில் சம்மதப் படிவம். டாக்டர் கட்டிலின் தலைமாட்டில் இருந்த எண்களைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை மூவருமே பார்த்தார்கள்.

பூட்டக்கா நடந்ததைச் சொன்னாள். சரிசெய்துகொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றாள்.

“பொறுக்கற நிலைமைல இவர் இல்லைம்மா. ஆபரேஷன் தியேட்டர்ல இடம் வாங்கி வெச்சிருக்கேன், விட்டா சாயந்தரம்தான். சாயந்தரம் வரைக்கும் தாங்காது.” டாக்டர் தயங்கினார். “நேத்தே நாம பேசியிருக்கோம். அவரால சொல்ல முடியலைன்னா, நீங்க சொல்லுங்க. அதுல தப்பில்ல.”

நர்ஸ் படிவத்தை மேஜையில் வைத்துப் பேனாவை நீட்டினாள். கொழுந்தன் அண்ணியின் முகத்தையே பார்த்தான். பேனாவை வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது. திரையில் இரண்டாவது பேக்கேஜ் தொடங்கியிருந்தது, நடுவில் நின்றது, மறுபடி நகர்ந்தது.

“அவர் வாய் தொறக்கட்டும், டாக்டர். அதுக்கப்புறம் என்ன சொன்னாலும் சரி.”

பேனாவை வாங்காமல் திரைப் பக்கம் திரும்பினாள். டாக்டர் ஒரு முறை எண்களைப் பார்த்தார், ஒரு முறை அவளைப் பார்த்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காதபடி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து லிஃப்ட்காரரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவதும் இறங்கியது. வரிகள் சரசரவென்று ஓடின. நின்றன. அவள் பேசும் நிரலை மூடி மறுபடி திறந்தாள். படம் வந்தது. புள்ளி புள்ளியாக, மங்கலாக, சுருக்கமும் தழும்புமாக, அவருடைய உண்மையான முகம். எழுத்து வரிசைகள் ஒளிரத் தொடங்கின. ஒரு சுற்று போயிற்று. ஒன்றும் இல்லை. அடுத்த சுற்றும் போயிற்று. களைத்துவிட்டாரோ, இனி அவரிடம் தெம்பே இல்லையோ என்று அவள் பயந்தாள்.

மூன்றாவது சுற்றில் ஒரு வரிசை நின்றது. பிறகு ஓர் எழுத்து. பிறகு இன்னொன்று. அவசரமான வேளையில் மனிதர் எவ்வளவு நீளமாக எதையோ கட்டிக்கொண்டிருந்தார் என்றால், நர்ஸ் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியில் இயந்திரக் குரல் ஏற்ற இறக்கமில்லாமல் படித்தது.

“ராத்திரிலேருந்து வாய மூடிட்டு இருக்கேன். என் வாழ்க்கைல இதான் ரெக்கார்டு.”

கொழுந்தன் சிரித்தான், அழுதான், இரண்டும் ஒரே நேரத்தில். பூட்டக்கா சிரிக்கவில்லை. இனிமேல்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டர் கேள்வியைக் கேட்டார். நேற்றுச் சொன்ன அதே வார்த்தைகளில், எதையும் கூட்டாமல் குறைக்காமல் கேட்டார். லிஃப்ட்காரரின் கன்னம் மறுபடி வேலை செய்தது. குழாய் போட்டால் வீட்டுக்குப் போக முடியுமா என்று கேட்டார். முடியும், ஆனால் எந்நேரமும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அப்புறம் எப்போதாவது எடுத்துவிடச் சொன்னால் எடுப்பீர்களா என்று கேட்டார். நீங்கள் சொன்னால் எடுப்போம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்றார் டாக்டர். எழுத்துகள் மறுபடி ஒளிர்ந்தன.

“நான் சொல்ல முடியாத நிலைமை வந்தா?”

டாக்டர் நர்ஸிடமிருந்து பேனாவை வாங்கினார். “இப்பவே சொல்லி வையுங்க. நீங்க சொன்னதா எழுதிக்கறேன். அதுதான் செல்லும்.”

பூட்டக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். திரையில் எழுத்து சேர்வதை அவள் பார்க்கவில்லை. காதால் கேட்டால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

“போடுங்க,” என்றது குரல்.

கொழுந்தன் அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு அந்த ஒரு சொல் போதும், அதற்குமேல் அவன் கேட்கவே இல்லை. குரல் இன்னும் முடிக்கவில்லை.

“கன்னம் பேசற வரைக்கும் இருக்கேன். அது நின்னுட்டா எடுத்துடுங்க. அன்னைக்கு அவகிட்ட கையெழுத்து கேக்காதீங்க.”

டாக்டர் அதை அப்படியே எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, இது சரிதானா என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் சரி என்று வந்தது. பிறகு எழுந்து, நர்ஸிடம் வேகமாக ஏதோ சொல்லிக்கொண்டே தியேட்டருக்குத் தயார் செய்யப் போனார். கொழுந்தன் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடினான்.

அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வைஃபையைத் துண்டித்தாள். மூன்று பேக்கேஜையும் பூட்டினாள். அதோடு விடவில்லை. அவற்றுக்கு அடியில் இருப்பதை, அதற்கும் அடியில் இருப்பதை, ஒவ்வொன்றாகத் தேடிப் பூட்டத் தொடங்கினாள். கன்னம் பேசும் வரைக்கும் என்று சொல்லிவிட்டார். அந்தக் கன்னம் பேசுவது இனி யாருடைய பொறுப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு தட்டினாள்.

திரையில் பக்கத்து ஜன்னலில் எழுத்து வரிசைகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. குரல் வந்தது.

“அந்தப் பக்கம் திருப்பினே. நான் பாத்தேன்.”

அவள் விரல்கள் நின்றன. எதையோ சரிசெய்யத் திருப்பினேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்புவதுபோல் இருந்துவிடுவார்.

“ஆமா,” என்றாள். “திருப்பினேன்.”

எழுத்துகள் மறுபடி சேரத் தொடங்கின. மெதுவாக, நின்று நின்று. வராந்தாவில் ஸ்ட்ரெச்சரின் சக்கரச் சத்தம் கேட்டது. அவர் முடிக்கட்டும் என்று அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உன் இடத்துல நான் இருந்திருந்தா, மறுபடி இந்தப் பக்கம் திருப்பியிருக்க மாட்டேன்.”

அவள் கதவை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அடுத்த பேக்கேஜின் பெயரைத் தட்டினாள். இரண்டு முறை தப்பாக விழுந்தது.